ஏரிக்கரையில் கேட்டது ஏரிக்கரைக்குத் திரும்பட்டும்

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்து ஏரிகளின் மதகுகள், நீர்ப்பங்கீடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏரித் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்கட்டிகளின் பேட்டிகள், அவர்களுடைய தொழில் சொற்கள், படங்கள் என்று நான்கு வருடமாகச் சேர்த்தது நிறைய இருக்கிறது. இணையத்தில் எழுத ஆசை. ஆனால் யாராவது எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வார்கள், வேலைக்கும் அது கணக்கில் வராது என்கிறார்கள். எழுதலாமா? எழுதினால் எதில், எப்படி?

ச.

அன்புள்ள ச.,

எழுதுங்கள். பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

திருட்டுப் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். 2009 தொடக்கத்தில் திமோத்தி கவர்ஸ் என்ற கணிதர் தன் வலைப்பூவில், ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒரு தேற்றத்தைப் போட்டு, அதற்குப் புதிய நிரூபணம் ஒன்றை யார் வேண்டுமானாலும் சேர்ந்து யோசிக்கலாம் என்றார். சில வாரங்களிலேயே வழி தெரிந்துவிட்டது. 2013இல் யிட்டாங் ஷாங், 7 கோடிக்குள் இடைவெளி உள்ள பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிறுவியபோது, அதே முறையில் டெரன்ஸ் டாவோவும் மற்றவர்களும் பொதுவெளியில் உட்கார்ந்து அந்த 7 கோடியை 4680 ஆக்கினார்கள். நடுவே ஜேம்ஸ் மேனார்ட் தனியாகக் கண்டுபிடித்த வழியையும் சேர்த்துக்கொண்டு மறு வருடமே 246க்குக் கொண்டுவந்தார்கள். யார் எந்தத் தேதியில் எதைச் சொன்னார் என்பது அங்கேயே எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பதிவாகியிருந்தது. தேதியோடு வெளியில் இருப்பதைத் தன்னுடையது என்று ஒருவர் சொல்லிக்கொள்வது கடினம், பீரோவில் இருப்பதை எடுப்பதுதான் சுலபம். ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டுரை அனுப்பப்போகும் இதழ், ஏற்கெனவே இணையத்தில் வந்ததை ஏற்குமா என்று விதியைப் படித்துவிடுங்கள். ஏற்காது என்றால் முடிவுகளை நிறுத்திவைத்து, களத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

வேலைக்குக் கணக்கில் வராது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பேட்டி எடுத்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆய்வேடு முடிந்ததும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா என்ற இணையதளத்தில் ஏறும், சரி. தமிழ் ஆய்வேடுகள் பல பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் அது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். குமிழித்தூம்பு என்ற பழைய மதகு வகையைக் கூகுளில் தேடுகிறவருக்கு அந்த ஏடு கிடைக்கவே கிடைக்காது. நான்கு வருட உழைப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். அதனால் தட்டச்சுக்குக் கொடுக்கும்போதே, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2003 வாக்கில் ஓர் இலவசத் தளத்தில் முப்பது கட்டுரைகளுக்குமேல் போட்டிருந்தேன். ஒருநாள் அந்த நிறுவனம் சேவையையே மூடிவிட்டது. என்னிடம் மிஞ்சிய பிரதியும் ஏதோ ஒரு எழுத்துருவில் இருந்ததால் பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், அதே காலத்து மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கியது. அலங்காரமே இல்லாத பக்கங்கள். முதலில் வேறு குறியாக்கத்தில் இருந்த நூல்களைப் பின்னால் யூனிகோடுக்கு மாற்றினார்கள், இன்றும் திறந்தால் படிக்க முடிகிறது.

அதனால் எதில் எழுதுவது என்று ரொம்ப அலைய வேண்டாம். வேர்ட்பிரஸ் போதும், பிளாக்கர் போதும். முடிந்தால் சொந்தமாக ஒரு முகவரி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் முகவரி கூடவே வரும். எழுதியதன் பிரதி உங்கள் கணினியிலும் இருக்கட்டும். பேட்டி ஒலிப்பதிவு, வரைபடம், சொல்பட்டியல் இவற்றை மட்டும் ஜெனோடோவில் ஏற்றுங்கள். ஆய்வுக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் தளம் அது; ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013இலிருந்து நடத்துவது, காசு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர அடையாள எண் கொடுப்பார்கள், உங்கள் தளமே இல்லாமல் போனாலும் அந்த எண்ணை வைத்து மேற்கோள் காட்டலாம். ஆனால் பேசியவரிடம் கேட்காமல் அவர் குரலை ஏற்றாதீர்கள். ஆய்வுக்காகப் பேசச் சம்மதித்தவர் ஊரே கேட்கச் சம்மதித்தார் என்று ஆகாது. தண்ணீர்த் தகராறு பற்றிச் சொன்னவர் என்றால் பெயரையும் ஊரையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நடை. ஆய்வேட்டின் இயல்களை அப்படியே வெட்டி ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பதிவுக்கு ஒரு மதகு, இல்லை ஒரு சொல். உங்கள் பக்கம் நீர்கட்டி என்பவரை வேறு சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்பார்கள். நீங்கள் ஒரு சொல்லைப் போட்டால் இன்னொரு ஊர்க்காரர் தன் ஊர்ச் சொல்லைச் சொல்ல வருவார், தப்பாக எழுதியிருந்தால் திருத்தவும் செய்வார். தேர்வாளரிடம் போவதற்கு முன்பே ஏரியில் வேலை பார்த்தவரே உங்கள் ஆய்வைச் சரிபார்த்துத் தருவது எவ்வளவு பெரிய விஷயம்!

முதல் பதிவாக, மதகின் ஒவ்வொரு பாகத்துக்கும் நீர்கட்டிகள் சொன்ன பெயர்களை ஒரு படத்தோடு போடுங்கள். போட்டதும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால், சொன்னவர் வீட்டில் போன் வைத்திருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ சுட்டியை அனுப்பி, தாத்தாவிடம் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.