வில் ஏன் சத்தம் போடுகிறது?

வணக்கம். சில மாதங்களாக ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழகுகிறேன். 68 அங்குல வில், என் இழுப்புக்கு 36 பவுண்டு வருகிறது. அம்பை விட்டதும் 'டடங்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நாணில் கட்டும் ரப்பர் மீசை இரண்டு வாங்கிப் போட்டேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இன்னும் இரண்டு போடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். போட்ட இரண்டையும்கூட இப்போதைக்குக் கழற்றி வையுங்கள். அவை இருந்தால் வில் என்ன சொல்கிறது என்பது சரியாகக் கேட்காது.

இழுக்கும்போது லிம்புகளில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் வில்லின் இரண்டு கைகளில், ஏறும் ஆற்றல் முழுவதும் அம்போடு போய்விடுவதில்லை. போகாமல் நின்ற மிச்சம் நாணையும் லிம்பையும் உதறுகிறது. காதில் விழுவது அதுதான். அந்த உதறலை ரப்பர் அடக்கும். மிச்சம் ஏன் இவ்வளவு என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

முதலில் பிரேஸ் ஹைட்டைப் பாருங்கள். கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் அது. 68 அங்குல வில்லுக்குப் பெரும்பாலும் எட்டரையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்குள் இருக்கும்; தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. குறைவாக இருந்தால், நாண் திரும்பி வந்து லிம்பின் வளைவில் அறையும். ஸ்ட்ரிங்கர் (நாணைப் பூட்டவும் கழற்றவும் வில்லை வளைத்துப் பிடிக்கும் கயிறு) போட்டு நாணைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே நாலைந்து முறுக்கு ஏற்றுங்கள். மறுபடி பூட்டி, சில அம்புகள் விட்டு, கேளுங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் 'டடங்' அடங்கி 'தொப்' என்று ஆகும். அதைத் தாண்டினால் திரும்பவும் கரகரக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எய்கிறவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே நாண் இருப்பதால் அவர் காதை நம்ப முடியாது, நண்பர் ஒருவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எவ்வளவு முறுக்கியும் பிரேஸ் ஹைட் அந்த அளவுக்கு வரவில்லை என்றால் நாணே நீளம்; வேறு வாங்க வேண்டியதுதான். புது நாண் சில நாள் இழுபடும், மறுபடி அளக்க வேண்டும். சத்தத்தைச் சோதிக்கிறேன் என்று அம்பில்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள். லிம்பே உடைந்துபோகலாம்.

உங்கள் கடிதத்தில் அம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் சந்தேகம் அங்கேதான். அம்பு லேசாக லேசாக, வில்லில் நிற்கும் மிச்சம் கூடும். அம்பின் எடையைக் கிரெயின் என்ற சிறு அளவில் சொல்வார்கள். 36 பவுண்டுக்கு 250 கிரெயின் அம்பு என்றால் பவுண்டுக்கு ஏழு கிரெயின்கூட இல்லை. அது சத்தம் போடத்தான் செய்யும். பவுண்டுக்கு ஒன்பது என்று வைத்தால் 324 கிரெயின், அதாவது ஏறக்குறைய 21 கிராம். இந்த எடையில் ஓர் அம்பை இரவல் வாங்கி விட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இலக்கில் கொஞ்சம் கீழே குத்தும், அது பரவாயில்லை. முனையை மட்டும் கனமாக்கி எடை ஏற்றினால் தண்டு அதிகமாக வளையும், அதையும் கவனியுங்கள்.

அம்பின் நாக், அதாவது நாணில் மாட்டும் வால்பக்கப் பிளவு, நாணில் 'டிக்' என்று உட்கார வேண்டும். அம்பைத் தொங்கவிட்டு நாணை லேசாகத் தட்டினால் விழ வேண்டும். பிறகு நாண் பூட்டிய வில்லை விரல் முட்டியால் தட்டுங்கள். சைட் (குறி பார்க்கும் கருவி), கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் 'கிளிக்' என்னும் தகடு), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் கம்பி) என எதிலாவது ஒரு திருகு சிணுங்கினால் இறுக்கிவிடலாம். இழுக்கும்போதே 'டிக் டிக்' என்று கேட்டால் கதை வேறு. எய்வதை நிறுத்தி, லிம்பின் ஓரமாகப் பஞ்சை ஓட்டுங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே விரிசலா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மீசையைத் திரும்பக் கட்டலாம். மேலிருந்து நாணின் கால் பங்கில் ஒன்று, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இன்னொன்று. இரண்டும் ஒரே தூரத்தில் வேண்டாம். வளைவில் நாண் படியும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினாலும் பலன் உண்டு. மீசையின் எடை அம்பின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் என்பதால், சைட்டைத் திருத்துவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.