களைச்செடி மண்ணுக்கு நல்லது என்கிறார்களே, அப்போ பிடுங்காமல் விட்டுவிடலாமா?

பயிர் இல்லாத நேரத்தில் விடலாம். பயிர் சின்னதாக இருக்கும்போது விடவே கூடாது. பயிர் நன்றாக எழும்பி நிலத்தை மூடிய பிறகு அடியில் நாலு களை தலைகாட்டினால் அதற்காக ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டியதில்லை, அது பூத்து விதை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். என் பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் சரியாக வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

களை எங்கிருந்து வருகிறது? காற்றோடும் எருவோடும் கொஞ்சம் வரும், ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் விதைதான் முளைக்கிறது. 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் பலவகைக் களை விதைகளை மணலோடு கலந்து பாட்டில்களில் போட்டுப் புதைத்து வைத்தார், சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலை எடுத்து இன்னும் முளைக்கிறதா என்று பார்ப்பதற்காக. அவருக்குப் பின் வந்தவர்களும் அதை விடாமல் தொடர்ந்தார்கள். 2021-ல் எடுத்த பாட்டிலில் ஒரு வகைச் செடியின் விதைகள் அப்போதும் முளைத்தன. 142 வருஷம் கழித்து! எல்லா விதையும் இப்படித் தாங்காது, பல விதைகள் சில வருஷங்களிலேயே செத்துவிடும், ஆனாலும் ஒரு பருவம் அலட்சியமாக விட்டால் அடுத்த பல பருவங்களுக்கு அந்த வேலை தொடரும்.

இவற்றில் பல விதைகள் முளைக்க வெளிச்சம் பட வேண்டும், அதுவும் ஒரு கணம் பட்டாலே போதும். உழும்போது மண் புரள்கிறதே, அந்த நேரத்தில் படும் ஒளியே அவற்றை எழுப்பிவிடும். உழுத நிலத்தில் ஒரு மழை பெய்ததும் பாய் விரித்ததுபோலக் களை கிளம்புவது இதனால்தான், வைக்கோல், சருகு பரப்பி மூடாக்கு போட்ட இடத்தில் களை குறைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இதை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: விதைப்புக்கு முன்பே தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, மேலாகச் சுரண்டி அழித்துவிட்டு, ஆழமாகக் கிளறாமல் விதைத்தால் முதல் களையெடுப்பின் வேலை பாதி குறையும்.

சரி, பயிர் சின்னதாக இருக்கும்போது ஏன் கூடாது? தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பயிர் பக்கத்தில் இருக்கும் களையை ஒளியை வைத்தே கண்டுபிடித்துவிடும் என்பது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பு ஒளியை, அதாவது சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளியை, திருப்பி அனுப்பும். அந்த ஒளி பட்டதும், களை இன்னும் நிழலே விழாத உயரத்தில் இருந்தாலும், பயிர் உயரப் போட்டிக்குத் தயாராகித் தண்டை நீட்ட ஆரம்பிக்கும், வேருக்குப் போக வேண்டிய பங்கு குறையும். மக்காச்சோளத்தில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரும் உரமும் தாராளமாக இருந்தாலும் இது நடக்கும், அதனால் "உரம்தான் நிறையப் போட்டிருக்கிறேனே, களையும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்" என்பது செல்லாது. தோராயமாகப் பயிரின் வயதில் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 நாள் பயிர் என்றால் முதல் 30 நாள், நிலம் சுத்தமாக இருக்க வேண்டும்.

மண்ணுக்கு நல்லது என்பதிலும் உண்மை இருக்கிறது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் மிச்சமிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மழைநீரோடு கீழே இறங்கிப் போய்விடும், களை அதைப் பிடித்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். வேர் மண்ணை அரிக்கவிடாது, வேரிலிருந்து கசிவதைத் தின்று நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கும். பூக்கும் முன் வெட்டி அங்கேயே போட்டால் எல்லாம் மண்ணுக்கே திரும்பும். ஆனால் பயிரோடு சேர்ந்து நிற்கும்போது அதே களை அதே சத்தைப் பயிருக்குப் போகவிடாமல் எடுக்கிறது. ஆழத்திலிருந்து சத்தை மேலே கொண்டுவருகிறது என்பார்கள், ஆழமாக வேர் விடும் சில செடிகளுக்கு அது பொருந்தலாம், ஒரு பருவம் வாழும் களைகளில் பலவும் வேர் விடுவது பயிர் வேர் விடும் அதே மேல்மண்ணில்தான்.

களையைப் பார்த்து மண்ணைச் சொல்லிவிடலாம் என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். உமரிச் செடி தானாக முளைத்துப் பரவினால் மண்ணில் உப்பு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் கோரையைப் பார்த்ததும் வடிகால் சரியில்லை என்கிறார்களே, அது காய்ந்த மேட்டு நிலத்திலும் வரும். ஒரு கோரையை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி மெதுவாக மண்ணை உதிர்த்துப் பாருங்கள், மேலே தெரிந்த ஒரு குருத்துக்குக் கீழே கறுத்த கிழங்குகள் மெல்லிய நரம்பால் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். மேலே கிள்ளினால் அடுத்த கிழங்கு முளைக்கும். கோடையில் உழுது கிழங்கை வெயிலில் காயப்போடுவதும், விடாமல் திரும்பத் திரும்ப வெட்டிக் கிழங்கில் இருக்கும் சேமிப்பைத் தீர்ப்பதும்தான் அதற்கு வழி.

கையால் எடுக்கும்போது நெல்லில் ஒரு சிக்கல் உண்டு. குதிரைவாலி இனக் களைப்புல் இளசில் நெல் மாதிரியே இருக்கும். இலை தண்டைச் சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள், நெல்லுக்கு மெல்லிய சவ்வும் பக்கத்தில் சின்னக் காதுபோன்ற நீட்டலும் இருக்கும், களைக்கு இரண்டும் இருக்காது. நெல்போல இல்லாததை எல்லாம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கியதால், கண்ணுக்குத் தப்பியது மட்டும் பெருகி இப்படி ஆயிற்று. ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தாலும் இதேதான் நடக்கும், தப்பிய செடியின் விதைதான் அடுத்த பருவத்தில் நிற்கும்.

கடைசியாகச் சுடுமல்லி. மண், பயிர், களை மூன்றும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் செடி இது, விதை தூசி அளவு. சத்துக் குறைந்த மண்ணில், குறிப்பாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால், வேரோடு கூட்டுச் சேர்ந்து சத்தைத் தேடித்தரும் வேர்ப்பூஞ்சைகளைச் சோளம் உதவிக்குக் கூப்பிட ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும், அதே கசிவை மோப்பம் பிடித்துத்தான் சுடுமல்லி விதையும் முளைக்கிறது. மண்ணுக்கு மேலே அதன் தலை தெரிவதற்குள் பயிர் பாதி வாடியிருக்கும், அப்போது பிடுங்கினால் அந்தப் பருவத்துக்குப் பெரிய பயன் இல்லை, விதை கொட்டாமல் தடுப்பதற்காகத்தான் பிடுங்க வேண்டும். மண்ணுக்கு எருவும் உரமும் கொடுத்துச் சத்தைத் தேற்ற வேண்டும், இடையில் ஒரு பருவம் பருத்தி போடலாம். பருத்தி வேரும் அந்த விதையை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்டவிடாது, முளைத்தது பிடிமானம் கிடைக்காமல் மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும்.