எழுத்து தெரியாது, கணக்கு தெரியும்

கேள்வி: எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். சேமிப்பு, கடன், தொழில் என்று அவர்களை நம்பி ஒப்படைத்தால் நிலைக்குமா? முதலில் படிப்பு, அப்புறம் பணம் என்பதுதானே முறை?

பதில்: இதே சந்தேகத்தோடுதான் நானும் ஒரு பெண்கள் சேமிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதப் போனேன். பன்னிரண்டு பேரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மூன்றாம் மாதம் வரவை வாசித்தேன். மூலையில் கூடை முடைந்துகொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே, "இந்தாம்மா, போன தடவை இவ ரெண்டு பங்கு போட்டா. நீ ஒண்ணுதான் வாசிக்கிறே" என்றார். நோட்டைப் புரட்டினேன். தப்பு என்னுடையதுதான். தன் கணக்கோடு பக்கத்தில் இருந்தவள் கணக்கையும் மனசில் வைத்திருந்தார் அவர். (அன்றைக்கு என் பட்டப்படிப்பு கொஞ்சம் கூசிப்போனது.)

ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1991-இல் 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த சேமிப்புக் குழுக்கள் இந்த ஞாபகசக்தியை நம்பித்தான் வளர்ந்தன. அந்த வழியில் வந்த குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம். எல்லோர் கண்முன்னால்தான் பெட்டி திறக்கும். அகமதாபாத்தில் 1974-இல் 'சேவா' என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். கையெழுத்துக்குப் பதில் புகைப்படம்: கணக்கு எண் எழுதிய சிலேட்டைப் பிடித்தபடி. வேலை இல்லாத மாதத்தில் தையல் மிஷினையோ ஆட்டையோ விற்றுவிடாமல் தாக்குப்பிடிக்க இந்தச் சின்னச் சேமிப்பு உதவுகிறது. நீங்கள் கேட்ட 'நிலைப்பது' அதுதான்.

குழு கவிழ்வது வேறு இடத்தில். நோட்டும் பெட்டியும் படித்த ஒருத்தரிடமே தங்கிவிட்டால் ஆபத்து. இன்னொன்று, கடன் பெண்ணின் பெயரில் வரும், செலவு வீட்டு ஆண்கள் கையில் போகும். வங்கதேசத்தில் பெண்கள் வாங்கிய கடன்களில் கணிசமானவை இப்படித்தான் போயின என்று 1996-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தவணை நாளில் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் அவளே. ஆகவே கடன் கொடுக்குமுன், 'இவளுக்குப் படிக்கத் தெரியுமா' என்று கேட்பதைவிட 'இந்தப் பணத்தை என்ன செய்வதென்று யார் முடிவு செய்வார்' என்று கேளுங்கள்.

படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்வரை பணம் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டியே ஒருநாள் என்னிடம் சிலேட்டை நீட்டினார். "எழுத்தெல்லாம் இப்ப வேணாம். நம்பர் மட்டும் சொல்லிக்கொடு. எனக்கு மறதி வந்துட்டா உன்னை யாரு பிடிக்கிறது?"