அப்பா டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார்: முடிவு யாருடையது?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி, இப்போது டயாலிசிஸ் தொடங்கவேண்டும் என்கிறார்கள். அப்பா மாட்டேன் என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணாவோ “எப்படியாவது செய்யுங்கோ” என்று நிற்கிறார். இப்படியான சிக்கல்களைத் தீர்ப்பதற்கென்றே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் இருப்பதாகவும் சொன்னார். திருகோணமலையில் நாங்கள் யாரிடம் போவது? (உவர்மலை வாசகி)

பதில்: அண்ணா சொல்வது மக்லீன் நிலையமாக இருக்கவேண்டும். மார்க் சீக்லர் என்ற வைத்தியர் 1984இல் அங்கே தொடங்கியது. ஆனால் அங்கேயும் யாரும் தீர்ப்பு வழங்குவதில்லை. அறநெறி ஆலோசனை கேட்டால், அதில் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியோடும் வீட்டாரோடும் வைத்தியர்களோடும் பேசி, தங்கள் கருத்தைச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

இங்கேயும் பல்கலைக்கழகத்தில் கேட்கலாமா என்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பிப்பது சித்த மருத்துவம். அதன் ஆங்கில மருத்துவ பீடம் இருப்பது மட்டக்களப்பில். மருத்துவ பீடங்களில் இருக்கும் அறநெறிக் குழுக்களின் வேலை ஆராய்ச்சிகளுக்கு அனுமதி கொடுப்பது, நோயாளியின் கட்டிலடிப் பிரச்சினை அல்ல. ஆகவே அலையவேண்டாம். நீங்கள் போகவேண்டியது அப்பாவைப் பார்க்கும் வைத்திய நிபுணரிடம்தான். கிளினிக் நாளில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தாதியிடம் சொல்லி வேறொரு நேரம் கேளுங்கள்.

1982இல் சீக்லர் வேறு இருவருடன் எழுதிய நூலில் இப்படியான சிக்கலை அலசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நோயின் நிலை, பிறகு நோயாளியின் விருப்பம், அப்புறம் சிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கை, கடைசியாகத்தான் குடும்பம், பணம், சட்டம் எல்லாம். நம் வீடுகளில் கதை தொடங்குவதே கடைசியிலிருந்துதான். வெளிநாட்டுப் பிள்ளை என்ன சொல்லும், சனம் என்ன கதைக்கும் என்று.

நோயின் நிலையைப் பற்றி வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்: இது முழுக்க நாட்பட்ட பழுதா, அல்லது கிருமித்தொற்று, நீரிழப்பு, சிறுநீர் அடைப்பு போன்ற ஏதாவது சேர்ந்து திடீரென்று கூட்டிவிட்டதா? இரண்டாவதென்றால் கொஞ்ச நாள் டயாலிசிஸோடு நிலைமை திரும்பவும் இடமுண்டு. அது தெரியாமல் அப்பா சொல்லும் “வேண்டாம்” அரைத் தகவலில் சொன்னது.

அடுத்தது அந்த “வேண்டாம்”. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்கவேண்டும். ஊசிக்குப் பயமா? பிள்ளைகளுக்குப் பாரம் என்ற எண்ணமா? பக்கத்துக் கட்டிலில் யாரோ பட்ட பாட்டைப் பார்த்தாரா? மனச்சோர்வா? உடம்பில் கழிவு தேங்கினாலே மனம் குழம்பும், அதையும் வைத்தியர் பார்க்கவேண்டும். இவை ஒன்றுமில்லை, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை நாலு மணித்தியாலம் கருவியோடு கிடக்கும் வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று விளங்கித்தான் சொல்கிறார் என்றால், அது அவருடைய முடிவு. தெளிவாக இருக்கும் ஒருவருக்காகப் பிள்ளைகள் கையெழுத்து வைக்க முடியாது, மூத்த மகனாக இருந்தாலும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. சில கிழமைகளுக்கு மட்டும் செய்துபார்த்து, குறித்த நாளில் உட்கார்ந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று அப்பாவையே கேட்பது. தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. நிறுத்தலாம். அப்படி நிறுத்துவது கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. முதுமையோடு வேறு கடும் நோய்களும் இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் ஆயுளை அதிகம் கூட்டாமலே போகலாம். அண்ணாவுக்கு இதை நீங்கள் சொன்னால் சண்டைதான் வரும். வைத்தியரைச் சந்திக்கும்போது, அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, வட்ஸ்அப்பில் அண்ணாவையும் சேர்த்துவிடுங்கள். அப்பாவும் அந்த இடத்தில் இருக்கவேண்டும்.

மறுப்பதென்று முடிவானால் “சரி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்பதோடு விடாதீர்கள். வீக்கம், மூச்சுத்திணறல், உடம்புக் கடி (அரிப்பு), குமட்டல் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. இரவில் மூச்சு முட்டினால் என்ன செய்வது, யாருக்கு அழைப்பது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்பாவின் முடிவை வைத்தியசாலைக் கோவையிலும் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் கடமையிலிருக்கும் புது டொக்டருக்கு அது தெரியாது.

போகும்போது இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, கசாயம் ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.