சமையற்கட்டுச் சுவரை இடிக்க நகையை வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம், எட்டு வருடம் முன் வாங்கிய பழைய தளவீடு. சமையற்கட்டு இருட்டறை. கூடத்துக்கும் அதற்கும் இடையே உள்ள 10 அடிச் சுவரை எடுத்துத் திறந்தாற்போல் ஆக்க மேஸ்திரி 4.5 லட்சம் கேட்கிறார். வீட்டுக் கடன் பாக்கி 6 லட்சம், எஃப்.டி. 2 லட்சம், நகை 12 பவுன். கணவர் சம்பளம் 38,000. நான்கு ஏக்கர் நெல். சொசைட்டியில் விவசாய நகைக்கடன் வாங்கலாமா, பர்சனல் லோனா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயிருக்கென்று தரும் கடனை அடுப்படியில் போட்டால், குறுவைக்கு உழவும் உரமும் தேடும்போது நகை பெட்டியில் இருக்காது. எஃப்.டி.யும் அந்தச் செலவுக்கானது, தொடாதீர்கள்.

முதலில் எஸ்டிமேட்டைக் குறையுங்கள். அது 9 அங்குலச் சுவர் என்றால் தளத்தின் பாரம் அதன் மேல்தான் இருக்கும். முழுக்க எடுத்தால் பீம் வேண்டும்; சுவர் நெடுக இறங்கிய பாரம் இரண்டு முனைகளில் குவியும். நம் களிமண் தண்ணீர் பாய்ந்தால் உப்பும், கோடையில் வெடிக்கும். முனைகளில் அஸ்திவாரத்தை அகலப்படுத்தாவிட்டால் மேல்சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். மூன்றரை அடிச் சுவரை அப்படியே விட்டு, அதற்கு மேல் 6 அடி அகலத்துக்கு மட்டும் திறந்து, மேலே லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) போடுங்கள். அது இருபுறமும் 9 அங்குலம் சுவரில் உட்காரட்டும். கட்டைச்சுவரின் மேல் கிரானைட் பதித்தால் பரிமாறும் மேடை. வெளிச்சமும் வரும், வேலை 3 லட்சத்துக்குள் அடங்கவும் வாய்ப்புண்டு. எதற்கும் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் கூடாது.

எஸ்டிமேட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு. ஒன்று, புகையை வெளியே தள்ளும் குழாயுடன் சிம்னி. குழாய் இல்லாத ரகம் வாங்கினால் மிளகாய் தாளிக்கும் நெடி கூடத்துக்குத்தான் வரும். இன்னொன்று, அடுப்பை நகர்த்தினால் கேஸ் லைன். ரப்பர் குழாயைச் சுவருக்குள் விடக்கூடாது.

பணத்துக்கு, இருக்கும் வீட்டுக் கடன் மேலேயே டாப்-அப், அதாவது அதே வங்கியில் கூடுதல் கடன், கேளுங்கள். 3 லட்சம், 5 வருடம், 9.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 6,300. பர்சனல் லோன் 14 சதவீதத்தில் 6,980. மொத்தத்தில் 40,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். மாறும் வட்டியில் எடுத்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. ஒரு வருடம் தவணை கட்டிய பிறகு சம்பா பணத்தில் 50,000 கட்டினால் ஏறக்குறைய 11 தவணை குறையும். ஆனால் தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

வரிச் சலுகையை நம்பி இறங்காதீர்கள். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும், சீரமைப்புக் கடன் வட்டிக்கு வருடம் 30,000 வரை கழிவு உண்டு; அசலுக்கு எதுவும் இல்லை.

வேலையை மாசியில் தொடங்குங்கள். அட்வான்ஸ் 20 சதவீதம் போதும். லிண்டல் கான்கிரீட் போட்டு 14 நாள் வரை முட்டுகளை எடுக்க விடாதீர்கள். கடைசி 10 சதவீதத்தை, மேலே விரிசல் விழுகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.