சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். இந்த வருடம் எர்ணாகுளம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் சேர்த்தோம். ஹாஸ்டலில் சீனியர்கள், தமிழன் என்று கேலியாக, அவனைப் 'பாண்டி' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ராத்திரியில் எழுப்பி மலையாளம் பேசச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் விடிய விடிய உட்கார்ந்து இதயப் படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தான். நோட்டின் அட்டையில் வேறு யாரோ பெயர். கல்லூரியில் சொல்லலாம் என்றால், "வேண்டாம் அம்மா, நான்தான் அங்கே நாலு வருடம் இருக்க வேண்டும்" என்கிறான். அவன் அப்பாவோ, ஆண்பிள்ளைதானே, சமாளித்துக்கொள்வான் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைத்தான் நம் பக்கத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர், 'ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள், அடுத்த வருடம் நீயும் சீனியர்' என்று ஆறுதல் சொல்வார்கள். இந்த ஆறுதலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டதையெல்லாம் அடுத்து வரும் பிள்ளையிடம் வட்டியோடு வசூலித்துக்கொள் என்பதுதானே இதன் அர்த்தம்? உங்கள் மகனிடம் நோட்டை நீட்டியவனும் போன வருடம் யாருக்காவது வரைந்து கொடுத்தவனாகத்தான் இருப்பான்.

'பாண்டி' விஷயத்துக்கு வருகிறேன். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளத்தில் இருந்தும் பாலக்காட்டைத் தாண்டினால் நமக்கு இந்தப் பெயர்தான். பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்டுக் கேட்டு நமக்கே உறைப்பதில்லை. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் திருத்திய விதியில், மொழியையும் பிறந்த இடத்தையும் வைத்து ஒரு மாணவனை இழிவுபடுத்துவதும் ராகிங் என்று சேர்த்திருக்கிறார்கள். கேரளத்தின் 1998 ராகிங் தடைச் சட்டமும் அடி உதையோடு நிற்பதில்லை. தானாக விரும்பிச் செய்யாத ஒன்றை ஒரு மாணவனைச் செய்யச் சொல்வதே அதன்படி ராகிங். அந்த இதயப் படமும் அதில் அடக்கம்.

மகனின் பயத்தைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லமாட்டேன். 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரிச் செய்தியைப் படித்திருப்பீர்கள். ஜூனியர்களைக் காம்பஸ் முனையால் குத்தியதாக ஐந்து சீனியர்கள் கைதானார்கள். குடிக்கப் பணம் கேட்டார்கள் என்றும் புகார். வெளியே தெரிவதற்கு முன் ஏறக்குறைய மூன்று மாதம் இது நடந்திருக்கிறது. கல்லூரி முதல்வரே பிறகு சஸ்பெண்ட் ஆனார். மேலே இருப்பவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று காத்திருப்பது வீண்.

அதற்காக அவசரப்பட்டு வார்டனுக்கு போன் போட்டுவிடாதீர்கள். வாயால் சொன்ன புகார் என்ன ஆகும் தெரியுமா? வார்டன் இருவரையும் கூப்பிடுவார், "எல்லாம் நம்ம பிள்ளைகள்" என்று தோளில் தட்டிக் கை குலுக்க வைப்பார். அன்று ராத்திரி உங்கள் மகன் அதே அறைக்குத்தான் திரும்ப வேண்டும். அவன் பயப்படுவது இந்த ராத்திரிக்குத்தான்.

எழுதிக் கொடுத்தால் கதை வேறு. அதே 1998 சட்டப்படி, மாணவனோ பெற்றோரோ ஆசிரியரோ எழுத்தில் புகார் கொடுத்தால், கல்லூரித் தலைவர் ஏழு நாளுக்குள் விசாரித்தாக வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவனை சஸ்பெண்ட் செய்து, புகாரை உடனே போலீசுக்கு அனுப்ப வேண்டும். செய்யாமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ராகிங் செய்தவனுக்கு உள்ள அதே தண்டனைதான் அவருக்கும்: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆகவே நீங்களே கையெழுத்துப் போடுங்கள். மகன் போட வேண்டியதில்லை. ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

அதே கடிதத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி எங்கே என்றும் கேளுங்கள். மானியக் குழுவின் 2009 விதிகளில் அது இருக்கிறது. உதைத்தவனைத் தேடிப் பிடிப்பதைவிட ராத்திரியில் கதவைத் தட்ட முடியாமல் செய்வது சுலபம். விதியை எழுதியவர்களுக்கு இது புரிந்திருக்கிறது, கட்டடம் கட்டுபவர்களுக்குத்தான் புரிவதில்லை.

முதலில் மகனிடம் பேசுங்கள். அவனுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய வேண்டாம். அப்பாவும் பக்கத்தில் உட்காரட்டும், வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. யார், எந்த நாள், எந்த அறை என்று அவன் சொல்லச் சொல்ல நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைக் கிழித்துவிடாதீர்கள். பெயருள்ள அட்டையையும் அவன் வரைந்த பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இடையில் அடிதடி என்று தெரிந்தால் கடிதத்துக்குக் காத்திராமல் நேரே போலீசுக்குப் போங்கள். ராகிங் புகாருக்கென்றே 1800-180-5522 என்ற இலவச எண்ணும் உண்டு, இரவிலும் கூப்பிடலாம்.

மலையாளத்தில் எழுத யாரும் இல்லை என்று தயங்க வேண்டாம். குறிப்புகளைத் தமிழில் எனக்கு அனுப்புங்கள். கல்லூரிப் பெயர், மாணவர் பெயர் எதுவும் வேண்டாம், அந்த இடங்களைக் காலியாக விட்டு மலையாளத்தில் எழுதி அனுப்புகிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்