ஜெர்மனில சிறுபான்மை, புலம்பெயர்வு பத்தி படிக்கப் போறவங்க கேட்டதும் என் பதிலும்

கே: அக்கா, ஒரே ட்ரிப்ல ஆறேழு நாடு பாத்துட்டு புராஜெக்ட் எழுதலாமா?

ப: எழுதலாம், அதுல ரயில்வே ஸ்டேஷன் தான் இருக்கும் :) ஷெங்கன் விசால (பல ஐரோப்பிய நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) 180 நாளுக்குள்ள 90 நாள் தான் கணக்கு, அதுக்கு ஒரு நாடே ஜாஸ்தி.

கே: எல்லாரும் பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்க் போங்கறாங்களே?

ப: போங்க. 1961ல மேற்கு ஜெர்மனி துருக்கியோட ஒப்பந்தம் போட்டு ஃபேக்டரிக்கு ஆள் எடுத்துச்சு, கொஞ்ச வருஷம் உழைச்சுட்டு கிளம்பிடுவாங்கன்னு நெனப்பு. 1973ல ஆள் எடுக்கறத நிறுத்துனதும், இப்ப ஊருக்குப் போனா திரும்ப விடமாட்டாங்கன்னு பயந்து நிறைய பேர் அங்கயே இருந்து குடும்பத்தையும் கூட்டிட்டு வந்துட்டாங்க, அதாவது புது ஆள் வராம இருக்க போட்ட தடையே இருந்தவங்கள தங்க வெச்சிருச்சு. அவங்க நிறைய பேர் க்ராய்ட்ஸ்பெர்க்ல குடியேறினது ஏன்னா, அது பெர்லின் சுவரை ஒட்டின ஏரியா, இடிக்க வெச்சிருந்த பழைய பில்டிங், வாடகை கம்மி. செவ்வாய், வெள்ளில மைபாக் ஊஃபர் கால்வாய் ஓரம் சந்தை போடுவாங்க, ஆலிவ் கடைக்காரர் யார்கிட்ட எந்த பாஷைல விலை சொல்றார்னு மட்டும் நின்னு கேளுங்க, நோட்டு ரொம்பிடும்.

கே: அப்ப துருக்கிக்காரங்க தான் அங்க மைனாரிட்டியா?

ப: சட்டப்படி இல்ல! தேசிய சிறுபான்மைன்னு ஏத்துக்கிட்டது டேனிஷ், ஃப்ரீஷியன், சோர்ப், சின்டி-ரோமா (ரோமானி மக்கள், நம்ம ஊர் சிந்தி இல்ல) நாலு தான். சோர்ப் மக்கள் சுமார் 60,000 பேர், ஸ்லாவ் மொழி பேசறவங்க, ஆயிரம் வருஷத்துக்கு மேலா அதே மண்ணு. கிழக்கு ஜெர்மனில பவுட்சன் ஊர்ல தெருப் பலகை கூட ரெண்டு மொழில. ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை போனா ஆம்பளைங்க கறுப்பு கோட்டு, உயரத் தொப்பி போட்டு குதிரைல பாடிட்டே பக்கத்து ஊருக்குப் போறத பாக்கலாம். ஆனா நிலக்கரி சுரங்கத்துக்காக அவங்க கிராமம் பல அழிஞ்சுபோச்சு, நாட்டை விட்டு நகராமலே அகதியான மாதிரி, இத யாரும் புராஜெக்ட்ல எழுதறதில்ல.

கே: அக்கா, ஜெர்மனில ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்கும் போகலாமோ? நான் யாழ்ப்பாணம்.

ப: கட்டாயம் போங்க. 2002ல கும்பாபிஷேகம் ஆன காமாட்சி அம்பாள் கோயில், ஊருக்கு வெளிய தொழிற்பேட்டைல கோபுரம் நிக்குது. போர்ல தப்பி வந்த உங்க ஆளுங்க கட்டுனது, தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். என்ன மாதிரி சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு, தமிழ் பேசறதால மட்டும் நாம அங்க உள்ளாள் ஆயிட மாட்டோம். எப்படி வந்தீங்கன்னு எடுத்ததும் கேக்காம அன்னதானத்துல பரிமாறுங்க, பேச்சு தானா வரும்.

கே: பேச்ச ரெக்கார்ட் பண்ணலாமா?

ப: கேட்டுட்டு பண்ணுங்க. அசைலம் (அகதியா ஏத்துக்கக் கேட்ட) கேஸ் நடக்கறவங்கன்னா ரெக்கார்டே வேணாம், பேர நோட்ல கூட எழுதாதீங்க.